கிங் கிரிம்சன் ‘யு.எஸ்.ஏ.’: மேடையே ஏறாதவர் லைவ் ஆல்பத்தில் வயலின் வாசித்தது எப்படி?

எல்பிராசு

வணக்கம். ரெண்டு வருடமாக இந்த மன்றத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று பரணைக் காலி செய்யப் போனேன். ஒரு தகரப் பெட்டி நிறைய எல்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த காலத்தில் வாங்கியதாம். பாதித் தட்டுகள் ஓட்டுச் சூட்டில் அப்பளமாக வளைந்துவிட்டன. தப்பிப் பிழைத்ததில் ஒன்று கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் லைவ் ஆல்பம், யு.எஸ்.ஏ. உறையைக் கரப்பான் அரித்திருந்தது, தட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை. ஏன் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். “அதை ஒரே ஒரு தடவைதான் போட்டேன், மிக்ஸி ரிப்பேராகிவிட்டதோ என்று உன் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்” என்றார்.

எனக்கு ப்ரோக் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) என்றால் பிங்க் ஃப்ளாய்ட், கொஞ்சம் ஜெனிசிஸ், அவ்வளவுதான் பழக்கம். இதைப் போட்டதும் முதலில் என்னவோ ரீங்காரம் மாதிரி ஒன்று தூரத்தில் ஓடியது, சரி அமைதியான ஆல்பம் போல என்று காபி எடுக்க எழுந்தேன், அதற்குள் லார்க்ஸ் டங்ஸ் இரண்டாம் பாகம் என்ற உருப்படி வந்து விழுந்தது பாருங்கள், காபியைக் கீழே கொட்டாதது என் அதிர்ஷ்டம். ஆனால் என்னை உட்கார வைத்தது முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, எக்ஸைல்ஸ். அதில் வருகிற வயலின். அந்தப் பாட்டை மட்டும் ஒரே ராத்திரியில் ஆறு தடவை போட்டிருப்பேன்.

அப்புறம்தான் உறையைப் படித்தேன். ராபர்ட் ஃப்ரிப் கிட்டார், ஜான் வெட்டன் பாஸும் பாட்டும், பில் ப்ரூஃபோர்ட் டிரம்ஸ், டேவிட் கிராஸ் வயலின். சரி, நாலு பேர். கூடவே எடி ஜாப்சன் என்று ஐந்தாவதாக ஒரு பெயர், அவருக்கும் வயலின், பியானோ என்று போட்டிருக்கிறது. ரெண்டு வயலினா என்று தேடிப் பார்த்தால், இந்த ஜாப்சன் கிங் கிரிம்சனோடு ஒரு கச்சேரிகூட வாசித்ததில்லையாம். அந்த நேரத்தில் வேறொரு குழுவில் இருந்திருக்கிறார்.

மேடையே ஏறாத ஆள் லைவ் ஆல்பத்தில் எப்படி வாசிப்பார்? அப்படியென்றால் நான் ஆறு தடவை கேட்டது யாருடைய வயலின்? கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையடேப்

வாங்க ராசு. முதலில் வயிற்றில் பால் வார்த்துவிடுகிறேன்: எக்ஸைல்ஸில் நீங்கள் கேட்ட வயலின் டேவிட் கிராஸ்தான். கச்சேரி அன்று மேடையில் வாசித்தது. அதில் யாரும் கை வைக்கவில்லை.

ஜாப்சன் வருவது மூன்றே இடத்தில். லார்க்ஸ் டங்ஸ் இரண்டாம் பாகத்திலும் கடைசிப் பாட்டான ஸ்கிட்சாய்ட் மேனிலும் வயலின், லமென்ட் என்ற பாட்டில் பியானோ. மூன்றையும் கச்சேரி முடிந்து குழுவும் கலைந்த பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து சேர்த்தார்கள்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. உங்கள் தட்டில் இருப்பதில் முக்கால்வாசி 1974 ஜூன் 28, வெள்ளிக்கிழமை, நியூ ஜெர்சியில் ஆஸ்பரி பார்க் என்ற கடற்கரை ஊரில் இருந்த கேசினோ அரங்கில் பதிவானது. (கேசினோ என்றதும் சீட்டாட்டம் என்று நினைக்காதீர்கள், கடலை ஒட்டிய ஒரு பெரிய மண்டபம்.) இரண்டாம் பக்கத்தின் முதல் உருப்படிக்கு ஆஸ்பரி பார்க் என்று பெயர் இருக்கிறதே, அது அன்று மேடையிலேயே பிறந்த கற்பனை வாசிப்பு, எழுதி வைத்த பாட்டு இல்லை. கடைசியில் வரும் ஸ்கிட்சாய்ட் மேன் மட்டும் ரெண்டு நாள் கழித்து, ஜூன் 30 அன்று, ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பேலஸ் தியேட்டரில் எடுத்தது. மறுநாள் ஜூலை 1 நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்தார்கள். அதோடு சரி. அந்த நாலு பேரும் சேர்ந்து அப்புறம் மேடை ஏறவே இல்லை.

ஊர் திரும்பியதும் ஜூலையில் ரெட் ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு. அது தொடங்குவதற்கு முந்தின நாள்தான் கிராஸிடம் நீ குழுவில் இல்லை என்று சொன்னார்கள். மிச்சம் மூன்று பேர் ரெட் ஆல்பத்தை முடித்தார்கள். செப்டம்பரில் ஃப்ரிப் குழுவையே கலைத்துவிட்டார், அக்டோபரில் ரெட் வெளிவந்தது, 1975இல் யு.எஸ்.ஏ. வந்தது. அதன் உறையில் ஆர்.ஐ.பி. (ஆத்மா சாந்தியடையட்டும்) என்று போட்டிருக்கும் பாருங்கள். செத்தவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் மாதிரி வந்த ஆல்பம் இது. அவர்கள் 1981இல் எழுந்து வந்தது தனிக் கதை.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். ரெட் ஸ்டுடியோ ஆல்பம்தானே? அதில் பிராவிடன்ஸ் என்று ஒரு உருப்படி உண்டு. அது அதே ஜூன் 30, அதே பேலஸ் தியேட்டர், மேடையில் எடுத்தது, தொடக்கத்தில் தனியாக வயலின் வாசிப்பது கிராஸ். குழுவை விட்டு அனுப்பிய ஆள் ஸ்டுடியோ ஆல்பத்தில் மேடை வாசிப்போடு இருக்கிறார். லைவ் ஆல்பத்திலோ அதே ராத்திரி வாசித்த ஸ்கிட்சாய்ட் மேனில் அவருக்குப் பதில் வேறொருவர். எனக்கு இது தெரிய வந்தபோது சிரிப்பதா என்னவென்று புரியவில்லை.

உங்களுக்கு வழி ஒன்று சொல்கிறேன். 1992இல் தி கிரேட் டிசீவர் என்று நாலு சிடி பெட்டி வெளியிட்டார்கள். அதில் பிராவிடன்ஸ் கச்சேரி இருக்கிறது, ஒட்டுவேலை இல்லாமல். ஸ்கிட்சாய்ட் மேனை ரெண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

கத்தரிப்பு

இதில் ஏமாந்துபோக என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எழுபதுகளில் வந்த லைவ் ஆல்பங்களில் ஸ்டுடியோவில் கை வைக்காதது எத்தனை தேறும் என்று விரல் விட்டு எண்ணலாம். பாட்டுக்காரர் தொண்டை கட்டியிருந்தால் பாட்டை மறுபடி பாடுவார், கிட்டார் சுருதி போயிருந்தால் மறுபடி வாசிப்பார்கள், கைதட்டல்கூட வேறு ராத்திரியுடையதாக இருக்கும். பெரும்பாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். இவர்கள் யார், எந்தப் பாட்டில், என்ன வாசித்தார் என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இதைவிட நேர்மை வேண்டுமா?

ஒட்டுவேலையே இல்லாத, சுத்த சுயம்பிரகாச லைவ் ஆல்பம்தான் வேண்டும் என்றால் அதுவும் இவர்களிடம் இருக்கிறது. 1972இல் வந்த எர்த்பவுண்ட். அப்போது குழு வேறு: ஃப்ரிப், பாஸ் கிட்டாரோடு பாட்டு பாஸ் பரல் (இந்தப் பாஸ் அவர் பெயர்), சாக்ஸஃபோன் மெல் காலின்ஸ், டிரம்ஸ் இயன் வாலஸ். பரலுக்கு பாஸ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததே ஃப்ரிப்தான். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஒலி மிக்ஸரிலிருந்து நேராக ஒரு கேசட்டில் பதிவு செய்தார்கள். கேசட் என்றால் நம் வீட்டில் இருந்ததே, அந்தக் கேசட்டேதான். ஃப்ளோரிடாவில் ஒரு ஊரில் மழையில், ஃபோக்ஸ்வாகன் வண்டியின் பின்பக்கத்தில் வைத்து எடுத்ததாக உறையிலேயே எழுதியிருக்கும். சத்தம் எப்படி இருக்கும்? தகர டப்பாவுக்குள் சாக்ஸஃபோன் ஊதின மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இதை வெளியிட மாட்டோம் என்று அட்லாண்டிக் கம்பெனி கையை விரித்துவிட்டது. இங்கிலாந்தில் ஐலண்ட் கம்பெனி மலிவு விலை வரிசையில் போட்டது. சிடியாக ஒழுங்காக வர 30 வருடம் ஆனது.

நான் அதைக் குறை சொல்லவில்லை, அந்த ஸ்கிட்சாய்ட் மேனில் இருக்கிற வெறி வேறெதிலும் கிடையாது. ஆனால் எல்லா ஆல்பமும் அப்படி இருந்தால் நாலு பேர் கேட்பார்களா?

அப்புறம் ஜாப்சனைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது அவருக்கு 20ஐத் தொட்டும் தொடாத வயது, ராக்ஸி மியூசிக் என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். ஓடி முடிந்த ரயிலில் ஏறுவது போன்ற வேலை அது. டிரம்ஸ் எங்கே இழுக்கும், பாஸ் எங்கே முந்தும் என்று எல்லாம் டேப்பில் உறைந்துபோய் இருக்கிறது, யாரும் உங்களைப் பார்த்துத் தலையாட்டப் போவதில்லை, அதற்குள் புகுந்து மேடையில் நின்று வாசித்த மாதிரி வாசிக்க வேண்டும். செய்திருக்கிறார். மூன்று வருடம் கழித்து வெட்டனும் ப்ரூஃபோர்டும் யு.கே. குழுவைத் தொடங்கியபோது வயலினுக்கும் கீபோர்டுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

குதிரையும்வில்லும்

கத்தரிப்பு சொல்வதில் பாதி எனக்கும் சரி. மறுபாதியை நான் சொல்கிறேன்.

மெல்லிசைக் குழுவில் 11 வருடம் வயலின் வாசித்தவள் நான். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டத்துக்கு முந்தின பாட்டுக் கச்சேரி எல்லாம். நமக்கு இந்தப் பக்கம் டிரம்ஸ், அந்தப் பக்கம் பாஸ் கிட்டாரின் ஆம்ப். வயலின் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஒலியைப் பிடிக்கும் ஒரு பிக்கப்பை ஒட்டிக்கொண்டு நிற்போம், மானிட்டரில் (நமக்கே கேட்பதற்கான ஸ்பீக்கர்) கொஞ்சம் ஏற்றுங்கள் என்று கேட்டால் உடனே ஊளையிடும், மைக் செட்காரர் முறைத்துவிட்டுப் பழையபடி இறக்குவார். நம் சத்தம் நமக்கே கேட்காது. கேட்காதபோது கை தானாக வில்லை அழுத்தும். அழுத்த அழுத்த நாதம் போய்க் கரகரப்பு வரும், சுருதியும் மெல்ல நகரும். கிட்டார்காரருக்காவது விரல் வைக்க ஃப்ரெட் கம்பி இருக்கிறது. நமக்கு விரலின் தோலுக்குத் தெரிந்ததுதான் இடம்.

இப்போது கிராஸை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது வெட்டனும் ப்ரூஃபோர்டும். அந்த ரெண்டு பேரையும் பறக்கும் செங்கல் சுவர் என்று ஃப்ரிப்பே சொன்னது பிரசித்தம். செங்கல் சுவருக்கு எதிரே வயலின்! அதுவும் சுற்றுப்பயணம் போகப் போக மூன்று பேரும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். குழு இரும்பு உருக்குகிற பக்கம் போகிறது, இவர் கையில் மரப் பெட்டி.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. கிராஸுக்கு வயலின் மட்டும் வேலை இல்லை, மெலட்ரானும் வாசிக்க வேண்டும். மெலட்ரான் என்றால் கீபோர்டு மாதிரி இருக்கும், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு, அழுத்தினால் அந்த டேப் ஓடி அதில் பதிவு செய்த வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ கேட்கும், எட்டு நொடியில் டேப் தீர்ந்துவிடும், கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். மோட்டார் வேகம் கொஞ்சம் மாறினாலும் சுருதி மாறும். வோல்டேஜ் இறங்கும்போது நம் வீட்டு டேப்ரெக்கார்டர் பாட்டை இழுத்துப் பாடுமே, அதுதான். அப்படிப்பட்ட இயந்திரத்தை ஊர் ஊராக லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மெலட்ரான் இன்றைக்கு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதற்கு வயலினை வளைக்க வேண்டும், வளைத்து நிமிர்வதற்குள் அது வேறு எங்காவது போயிருக்கும். எக்ஸைல்ஸைக் கேட்டு ராசு தம்பி உருகினாரே, அந்த நிலைமையில் அப்படி வாசிப்பது லேசுப்பட்டது இல்லை.

சொந்தக் கதை ஒன்று. எங்கள் குழுவின் நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்து சிடி போட்டார்கள். எந்தக் குழு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். எனக்கு யாரும் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டில் போட்டபோதுதான் கேட்டேன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நான் வாசித்த இடம் வருகிறது, மாவு பிசைந்த கையோடு வாசலில் நின்று கேட்கிறேன், வந்தது கீபோர்டில் இருக்கும் வயலின் சத்தம். என் வாசிப்பை எடுத்துவிட்டு அதைப் போட்டிருக்கிறார்கள். சிடி உறையில் வயலின் என்று என் பெயர் இருந்தது. யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ரெண்டு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஜாப்சன் நன்றாக வாசித்தாரா என்பது எனக்குக் கேள்வியே இல்லை, நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். கிராஸ் அந்தத் தட்டை முதல் தடவை போட்டபோது எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

கத்தரிப்பு

அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். நான் சொன்னதும் அதுதான், பெயரை மாற்றிப் போடாதவரை எனக்குச் சண்டை இல்லை. உங்கள் விஷயத்தில் பெயர் ஒன்று, சத்தம் ஒன்று. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

கோபாயன்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வயலினும் செங்கல் சுவரும் சேர்ந்து எப்படி ஒலிக்கும் என்று கேட்க வேண்டுமானால் பிரான்ஸ் பக்கம் போங்கள். மாக்மா குழுவின் லைவ், 1975 ஜூனில் பாரிஸில் எடுத்தது. டிரம்ஸ் அடிக்கும் க்ரிஸ்டியன் வான்டர் தானே உண்டாக்கிய கோபாயன் என்ற மொழியில் பாட்டு, வயலின் டிடியே லாக்வுட், வயது 19. ஒரு எழுத்துக்கூட அர்த்தம் புரியாது, ஆனால் சாமியாடுகிற இடத்தில் நின்ற மாதிரி இருக்கும். கிங் கிரிம்சன் எல்லாம் அதற்குப் பக்கத்தில் பஜனை மடம்.

பழையடேப்

கோபாயன், எந்தத் திரியைத் திறந்தாலும் மாக்மாவோடு வந்து நிற்கிறீர்கள். ஆல்பம் நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. தனித் திரி போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

குதிரையும்வில்லும் சொன்ன மெலட்ரான் விஷயம் முக்கியம். இத்தனை வருடமாகக் கேட்கிறேன், வயலின் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நன்றி அம்மா.

லைவ், ஸ்டுடியோ என்று பிரித்துப் பேசினோம் இல்லையா, அதில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1974 மார்ச்சில் ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக் என்று ஒரு ஆல்பம் வந்தது. கடையில் ஸ்டுடியோ ஆல்பம் என்றுதான் விற்றார்கள். முழுக்க ஸ்டுடியோவில் செய்தது அதில் முதல் ரெண்டு பாட்டு மட்டுமே. மற்றதெல்லாம் முழுசாகவோ பாதியாகவோ மேடையில் எடுத்தது, பெரும்பகுதி 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபௌ அரங்கில். கைதட்டலைத் துடைத்து எடுத்துவிட்டு ஸ்டுடியோ பாட்டு மாதிரி அடுக்கிவிட்டார்கள். கேட்டால் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஆம்ஸ்டர்டாம் கச்சேரியையே பின்னால் 1997இல் தி நைட் வாட்ச் என்ற பெயரில் கைதட்டலோடு லைவ் ஆல்பமாகப் போட்டார்கள்.

அதில் ட்ரையோ என்று ஒன்று வரும், தவற விடாதீர்கள். அன்று ராத்திரி மேடையில் கிராஸ் வயலினில் மெதுவாக ஒன்றைப் பிடிக்கிறார், வெட்டன் பாஸில் சேர்கிறார், ஃப்ரிப் மெலட்ரானின் புல்லாங்குழலை எடுக்கிறார். ப்ரூஃபோர்ட் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்தே இருந்துவிட்டார், ஒரு அடிகூட அடிக்கவில்லை. டிரம்ஸ் உள்ளே வந்தால் இது கலைந்துவிடும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. வாசிக்காத அவர் பெயரையும் சேர்த்து நாலு பேர் இசையமைத்ததாகப் போட்டார்கள், அடக்கமாக இருந்ததற்கு.

செங்கல் சுவர் ஒதுங்கி வழி விட்ட ஒரு ராத்திரியும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

எல்பிராசு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை.

பழையடேப் சார் சொன்ன வீட்டுப்பாடத்தைச் செய்துவிட்டேன். கல்லூரி நண்பன் ஒருவனின் அண்ணனிடம் கிரேட் டிசீவர் பெட்டி இருந்தது, வீட்டுக்கு வெளியே தரமாட்டேன் என்றார், அவர் வீட்டுக்கே போய் ஹெட்ஃபோனில் கேட்டேன். ஸ்கிட்சாய்ட் மேனை முதலில் யு.எஸ்.ஏ.விலிருந்து, அடுத்து பெட்டியிலிருந்து, மறுபடி யு.எஸ்.ஏ.விலிருந்து. வெட்டன் குரல் அதேதான், டிரம்ஸ் அதேதான், ஒரே ராத்திரி என்பது கேட்டதுமே தெரிகிறது. வயலின்தான் வேறே. ஜாப்சனுடையது மேலே தெளிவாக நிற்கிறது, வெளிச்சம் போட்டுக் காட்டின மாதிரி. கிராஸுடையதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சத்தக் குவியலுக்குள் எங்கேயோ கை அசைகிறது போல. அக்கா எழுதியதைப் படிக்காமல் கேட்டிருந்தால் ‘சரியாக வாசிக்கவில்லை, அதான் மாற்றிவிட்டார்கள்’ என்று போயிருப்பேன். படித்துவிட்டுக் கேட்டதால் அவர் அழுத்துவது காதில் விழுந்த மாதிரி இருந்தது. உண்மையிலேயே விழுந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், பாட்டாகக் கேட்க எனக்கு யு.எஸ்.ஏ. வடிவம்தான் பிடித்திருக்கிறது. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

அப்புறம் பிராவிடன்ஸ். ரெட்டில் இருப்பது கொஞ்சம் வெட்டியது போல, பெட்டியில் இருப்பது இன்னும் நீளம். வயலின் தனியாக ஆரம்பிக்கிறது, இருட்டுக்குள் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி, ரொம்ப நேரம் யாரும் குறுக்கே வரவில்லை. பிறகு பாஸ் உறுமிக்கொண்டு நுழைகிறது, டிரம்ஸ் வருகிறது, கிட்டார் வருகிறது. எந்த நிமிடத்தில் வயலின் நின்றது என்று மூன்று தடவை கேட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. நண்பனின் அண்ணனிடம் கேட்டேன், அவரும் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து ட்ரையோ. இன்றைக்கு ராத்திரி.

ஒரு சின்னச் சந்தேகம் பாக்கி. இரண்டாம் பக்கத்தில் ஈஸி மணி பாட்டு முடிகிற இடத்தில் சத்தம் குறைந்துகொண்டே போய் அப்படியே கரைந்துவிடுகிறது. லைவ் கச்சேரியில் அப்படி எப்படி முடியும்? என் தட்டில் கோளாறா, இல்லை ஊசி தேய்ந்துவிட்டதா?

பழையடேப்

தட்டும் சரி, ஊசியும் சரி. அவர்கள்தான் கரைத்துவிட்டார்கள். ஆஸ்பரி பார்க் என்ற உருப்படியையும் எல்பியில் இடம் பற்றாமல் வெட்டித்தான் போட்டார்கள். 2002 சிடியில் ஃப்ராக்சர், ஸ்டார்லெஸ் என்று ரெண்டு உருப்படி கூடுதலாக இருக்கும். வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாத கச்சேரி வேண்டுமானால் 2013இல் வந்த தி ரோட் டு ரெட் பெட்டிக்குப் போக வேண்டும், 24 வட்டு, விலையைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

யு.எஸ்.ஏ. பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூச்சம் எதற்கு? எனக்கும் அதுதான் பிடிக்கும்.

குதிரையும்வில்லும்

எனக்கும்தான் தம்பி. முதல் பக்கத்தில் ஜாப்சன் வரும்போது ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு கேட்பேன், எக்ஸைல்ஸ் வந்ததும் உட்கார்ந்துவிடுவேன்.

பெரியப்பாவின் பெட்டியில் வேறென்ன இருந்தது? பட்டியல் போடுங்கள். வளைந்துபோன தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரெண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே படுக்க வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றி ஒரு வாரம் விடுங்கள், சிலது நிமிரும். வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம்.